அம்மாவின் 'சிஸ்டர்'
(வானொலி மறையுரை)



பெற்றோரைப் போற்றச் சொல்லும் நான்காம் கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். சொன்ன பேச்சைக் கேள், எதிர்த்துப் பேசாதே என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அதே கட்டளையை எழுபது வயதில் எப்படிக் கடைப்பிடிப்பது? அம்மாவுக்கு நினைவு தப்பிப்போய், பெற்ற மகளையே 'நீ யாரும்மா?' என்று கேட்கிற நிலையில், மருந்து கொடுப்பதும் துணி மாற்றுவதும் தவிர வேறு என்ன போற்றுதல் இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூரில் அப்படி ஒரு மகளைச் சந்தித்தேன். முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது அந்த வீட்டுக்கும் போவேன். தாய்க்குத் தொண்ணூறை நெருங்கும் வயது. பேச்சு குறைந்துவிட்டது. ஆனால் தினமும் ஒரு கேள்வி மட்டும் வரும்: "சிஸ்டர் வந்துட்டாங்களா?"

கத்தோலிக்கக் குடும்பம் அல்லவா! அருகிலிருந்த மடத்திலிருந்து இரண்டு அருள்சகோதரிகள் அன்போடு வந்து செபமாலை சொன்னார்கள். பாட்டி முழுச் செபமாலையிலும் கலந்துகொண்டார். முடிந்ததும் மகளிடம் மெதுவாகச் சொன்னாராம்: "இவங்க நல்லவங்கதான். ஆனா சிஸ்டர் வரலியே."

அதற்குப் பிறகுதான் மகள் தேடத் தொடங்கினார். அம்மா எந்தப் பள்ளியில் படித்தார் என்பது அவருக்குத் தெரியாது. திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர், 'நாலாவது பாரம்' வரை படித்தவர், அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்பு. அவ்வளவுதான். நாமும் நம் தாய்மாரிடம் சாம்பார்ப் பொடியின் அளவைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறோம். எந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதப் படித்தாய் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

சாந்தோம் பக்கத்துக் கன்னியர் பள்ளிகளுக்குப் போனார். சர்ச் பார்க்குக்கும் போனார். எங்கு போனாலும் கேட்கப்பட்டது: கல்யாணத்துக்கு முந்தைய பெயர் என்ன, தகப்பனார் இனிஷியல் என்ன, எந்த ஆண்டு சேர்ந்தார்? பழைய சேர்க்கைப் பதிவேட்டில் இவை இல்லாமல் ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாது. போதாததற்குப் பள்ளிகளே பெயர் மாறியிருக்கின்றன. மயிலாப்பூரில் லேடி சிவசாமி ஐயர் பள்ளியை 'நேஷனல் கேர்ள்ஸ்' என்று சொன்ன தலைமுறை ஒன்று இருந்தது.

வழி காட்டியது தி. நகர் சாரதா வித்யாலயாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை. "அம்மா வேற ஏதாவது சொல்வாங்களா?" என்று கேட்டிருக்கிறார். கடல்காற்று, பக்கத்தில் வட்டமான பெரிய வீடு, வெள்ளைப் புடவை கட்டிய சிஸ்டர் என்று மகள் சொல்ல, ஆசிரியை சிரித்துவிட்டாராம். "அது ஐஸ் ஹவுஸ். அந்த சிஸ்டர் உங்க சிஸ்டர் இல்லே. எங்க சிஸ்டர் சுப்புலட்சுமி."

நேயர்களே, இந்தப் பெண்மணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1886இல் பிறந்தவர். விவரம் தெரியாத சிறுவயதிலேயே மணமாகி விதவையானவர். விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று மனிதர்கள் வீட்டுக்குத் திரும்பிய காலம் அது. அவருடைய பெற்றோர் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க வைத்தார்கள். பிரசென்டேஷன் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தார். கல்லூரியிலும் தேறி, 1911இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே எழும்பூரில் இளம் விதவைகள் தங்கிப் படிக்க ஓர் இல்லம் தொடங்கினார். அந்த இல்லம் பின்னர் கடற்கரையிலிருந்த ஐஸ் ஹவுஸுக்குப் போயிற்று. இன்று நாம் விவேகானந்தர் இல்லம் என்கிறோமே, அதே கட்டடம். அதன் அருகில் 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியும், அதோடு சேர்ந்த பள்ளியும் உருவாயின. அவற்றுக்கும் தலைமை ஏற்றவர் அவர்தான். சாரதா வித்யாலயாவும் அவருடைய முயற்சியில் பிறந்ததே. 1942இல் மயிலாப்பூரில், பள்ளி வயது தாண்டிய பெண்களுக்கென்றே ஸ்ரீவித்யா கலாநிலையம் என்ற பள்ளிக்கும் வழி செய்தார். 1969இல் காலமானார்.

அவரை 'சிஸ்டர்' என்று ஏன் அழைத்தார்கள்? தமக்குக் கற்பித்த கன்னியரின் அர்ப்பணிப்பு அவர் மனத்தில் பதிந்திருந்தது. அவர்களைப் போலத் தானும் கல்விப் பணிக்கே வாழ்வைக் கொடுத்தார். ஆனால் திருமுழுக்குப் பெறவில்லை. கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். அயர்லாந்திலிருந்து பிரசென்டேஷன் கன்னியர் சென்னைக்கு வந்தது 1842இல். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டதும் அதே ஆண்டு என்பார்கள். பனிக்கட்டி உருகிப் போயிற்று. கன்னியர் கொண்டுவந்த ஒரு சொல், அவர்கள் எதிர்பார்த்திராத ஒரு வீட்டில் தங்கிவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்டதும் 'நம்மவர்' என்று நாம் மடத்துக்கு ஆள் அனுப்பினோம்! எனக்கு இதில் கொஞ்சம் வெட்கம், நிறைய மகிழ்ச்சி.

காணாமற்போன மகனைத் தாய் மூன்று நாள் தேடியதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். தேடிக் கண்டபோது, அந்தப் பிள்ளை தான் அறிந்ததைவிடப் பெரியவன் என்பதை அந்தத் தாய் உணர வேண்டியிருந்தது. இங்கே மகள் தாயைத் தேடினார். அவர் கண்டது, தனக்கு அம்மாவாக ஆவதற்கு முந்தைய ஒரு சிறுமியை: புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடந்துபோனவளை, நாலாவது பாரத்தோடு நின்றுபோனவளை. மூன்று பெண்களையும் பட்டம் வாங்காமல் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் அம்மா ஏன் அப்படிச் சண்டை போட்டார் என்பது மகளுக்கு அன்றுதான் விளங்கியது.

ஒரு புத்தகத்திலிருந்த சிஸ்டர் சுப்புலட்சுமியின் படத்தை அம்மாவிடம் காட்டினாராம். பாட்டி வெகுநேரம் பார்த்தார். பேசவில்லை. முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று மாலை அந்தக் கேள்வி வரவில்லை. மறுநாள் மறுபடியும் வந்தது.

அடுத்த முதல் வெள்ளியன்று நான் போனபோது, மகள் கைப்பையோடு வாசலில் நின்றார். பள்ளியில் பழைய பதிவேட்டைப் பார்க்கக் கேட்டிருக்கிறாராம். தாத்தாவின் இனிஷியல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. திருவல்லிக்கேணியில் இருக்கும் பெரியம்மா மகனிடம் கேட்டுவிட்டு, அப்படியே பள்ளிக்கும் போய்வருவதாகச் சொல்லி, "நீங்க அம்மாகிட்ட கொஞ்ச நேரம் இருங்க ஃபாதர்" என்று கிளம்பினார்.