அடையாறு வைத்தியசாலையும் நம் செம்மண் புகையிலையும்



டொக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் சகோதரி 1923-இல் புற்றுநோயால் மாண்டார். அத்துயரிற் பிறந்த எண்ணம் நிறைவேற 31 ஆண்டுகள் சென்றன. 1954-இல் சென்னை அடையாறிலே 12 கட்டில்களுடன் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சாகப் போகிறவர்களுக்கு வைத்தியசாலை எதற்கு என்று எண்ணிய காலம் அது! மறு ஆண்டு, அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டு அங்கே சேர்ந்தார் டொக்டர் சாந்தா. 2021-இல் கண்மூடும்வரை அவ்வைத்தியசாலையே அவருக்கு வீடு. வசதியுள்ளவர் பணம் கட்டினர். ஏழைகளுக்கு இலவசம், அல்லது குறைந்த கட்டணம். சிகிச்சையிலோ பேதமில்லை.

இதனை இங்கே ஏன் கூறுகிறேன்? அடையாற்று வைத்தியர்கள் ஓயாது சொல்லிவந்தது, நோயை ஆரம்பத்திலே கண்டால் குணப்படுத்தலாம் என்பதே. நாமோ வலியில்லாத வாய்ப்புண்ணை மாதக்கணக்கில் மறைக்கிறோம். வெற்றிலையோடு புகையிலையையும் அடக்கும் வாயிலேதான் அப்புண் பெரும்பாலும் தோன்றுகிறது.

சபையிலே சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நம் செம்மண்ணில் விளைந்த புகையிலையை விற்ற காசிலேதான் பல பிள்ளைகள் படித்து உத்தியோகத்தர் ஆயினர்; மறுக்கவில்லை. ஆகவே, மாற்றுப் பயிருக்கு வழிகாட்டும் கடன் அப்படிப் படித்தவர்களுக்கே முதலில் உண்டு. கமக்காரரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நன்றிகேடு.

2011-இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை பல இனத்தவரும் நடந்து திரட்டிய நிதியால், தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை அமைந்தது. மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணோடு உங்கள் வீட்டில் எவரேனும் இருந்தால், வெங்காய அறுவடை முடியட்டும் என்று காத்திராதீர்கள். நாளைக்கே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.