மாத்திரை அதுவே, உடல் அதுவன்று
(பங்கின் முதியோர் கூட்டத்தில் ஒரு மருத்துவர் ஆற்றிய உரை)



"இருபது வருஷமாக இதே மாத்திரைதானே, டாக்டர்?" என்று மயிலையிலும் அடையாற்றிலும் பெரியவர்கள் பலர் கேட்கின்றனர். மாத்திரை அதுவே, உடல் அதுவன்று.

வயது ஏற ஏற உடலில் நீர் குறைகிறது, கொழுப்பின் பங்கு கூடுகிறது. கொழுப்பில் கரையும் மருந்துகள் அங்கே தங்கிவிடுகின்றன. தூக்கத்திற்கு விழுங்கும் டயஸிபாம், 20 வயதுக்காரரின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். 80 வயதில் ஏறக்குறைய 80 மணி நேரம். மறுநாளும் தள்ளாடும், விழுந்தால் இடுப்பெலும்பு முறியவும் கூடும். சிறுநீரகமும் தளர்வதால், சர்க்கரை நோய்க்கான கிளிபென்கிளமைடு உடலில் தேங்கி, இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடலாம். மூட்டுவலி மாத்திரைகளோ அந்தச் சிறுநீரகத்தையே மேலும் வருத்தும்.

முதியோருக்கெனத் தனி மருத்துவம் நம் ஊருக்குப் புதிதன்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978-இலேயே அதற்கொரு பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது.

ஆகவே பெரியோர்களே, பழைய சீட்டைக் காட்டியே கடையில் வாங்கிக்கொண்டிராதீர்கள். ஆங்கில மருந்து, நாட்டு மருந்து, தாமாக வாங்கியது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். "இது இன்னும் வேண்டுமா? இவ்வளவு வேண்டுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

பிள்ளைகளே, மாத்திரை வாங்கிக் கொடுப்பதோடு உங்கள் கடமை தீரவில்லை. அந்தப் பையைச் சுமந்து கூடச் செல்லுங்கள்.