முன்பள்ளிப் பிள்ளைக்கு ஏற்ற விளையாட்டுப் பலகை



பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்குச் சற்று மேலே அமைந்துள்ளது. இலங்கையில் அதனினும் உயர்ந்த நிலையம் வேறில்லை. உயரத்தைக் குறித்துப் பெருமை பேசுவோர் அங்குள்ள குளிரையும் மழையையும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மூடுபனி இறங்கிவிட்டால் முற்றத்தில் ஓடித் திரியும் பிள்ளை வீட்டுக்குள் வந்துதான் தீர வேண்டும். பழைய லயக் காம்பிரா 10 அடிக்கு 12 அடி. அடுப்புக்கும் படுக்கைக்கும் போக எஞ்சும் இடத்தில் நான்கு வயதுப் பிள்ளை எதை விளையாடும்? பெற்றோர் பலர் கைபேசியைக் கையிற் கொடுத்துவிடுகின்றனர். அவர்களை நான் குறை கூறவில்லை. நாள் முழுதும் மலையில் கொழுந்தெடுத்து வந்த தாய்க்கு அரைமணி நேர ஓய்வு வேண்டுமன்றோ?

தீபாவளிக்கு முன்னர், "டவுனுக்குப் போறோம் சேர், பிள்ளைக்கு என்ன வாங்கலாம்?" என்று சிலர் வினவுவதுண்டு. பெரும்பாலும் அவர்கள் வாங்கி வருவது ஒரு பக்கம் லூடோவும் மறுபக்கம் பாம்பும் ஏணியும் அச்சிட்ட அட்டை. இரண்டுமே நம் மண்ணோடு உறவுடையவை. பரமபதம் என நாம் ஆடியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்குச் சென்று பாம்பும் ஏணியுமாயிற்று. பச்சீசி என்னும் ஆட்டம் 1896இல் அங்கே லூடோவாகக் காப்புரிமை பெற்றது. எனினும் இவை முன்பள்ளி வயதுக்கு உரியனவல்ல. பாம்பும் ஏணியும் பலகையில் 100 கட்டங்கள் உள்ளன. முதல் வரிசை இடமிருந்து வலமாகச் செல்ல, அடுத்த வரிசை வலமிருந்து இடமாகத் திரும்பும். எழுத்தே பழகாத பிள்ளை அங்கே திசை தப்பிவிடும். உச்சியை நெருங்கியதும் பாம்பு விழுங்கினால் அழுகை. ஆட்டத்தை முடிப்பவன் அண்ணன். லூடோவிலோ நான்கு காய்களுள் எதை நகர்த்துவது, எவரை வெட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். அது ஆறேழு வயதுக்குப் பொருந்தும்.

இதனை நான் வலியுறுத்துவதற்குக் காரணமுண்டு. முதலாந் தரத்தில் வந்து சேரும் பிள்ளைகளிற் பலர் ஒன்று முதல் இருபது வரை பாட்டுப் போல ஒப்புவிக்கின்றனர். "ஆறு பெரிதா, எட்டுப் பெரிதா?" என்று கேட்டால் விழிக்கின்றனர். ஓசை தெரிகிறது; அளவு தெரியவில்லை. பள்ளிப் படிப்பின் தொடக்கத்திலேயே ஏற்படும் இப்பள்ளம் பின்னர் எளிதில் நிரம்புவதில்லை.

அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்னும் உளவியலாளர் இருவர் வருமானங் குறைந்த குடும்பங்களின் முன்பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2008இல் வெளியிட்டனர். அவர்களுடைய பலகையில் ஒரே நேர்வரிசையில் பத்துக் கட்டங்கள். அவற்றில் 1 முதல் 10 வரை எண்கள். முள்ளைச் சுழற்றினால் 1 அல்லது 2 விழும். இரு வாரங்களுக்குள் நான்கு முறை, முறைக்கு ஏறத்தாழ 15 நிமிடம். மொத்தம் ஒரு மணி நேரம்தான். எண்களை இனங்காண்பதிலும், எது பெரிது என்று சொல்வதிலும் அப்பிள்ளைகள் முன்னேறினர். ஒன்பது வாரங்களின் பின்னர் மீண்டும் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. எண்ணின்றி நிறங்கள் மட்டுமுள்ள பலகையில் ஆடிய பிள்ளைகளுக்கு அப்பயன் கிட்டவில்லை. கட்டங்களை வட்டமாக அமைத்தபோதும் நேர்வரிசையின் பயன் இல்லையென்று பின்னர் கண்டனர். நேர்க்கோட்டில் பெரிய எண் என்றால் தொலைவும் கூடும், தாண்டும் கட்டங்களும் கூடும், கை நகரும் தூரமும் கூடும். எண்ணின் பருமனைப் பிள்ளை உடலாலேயே உணர்கிறது போலும்.

இதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பிஸ்கட் பெட்டியின் அட்டையை நீளமாக வெட்டிப் பத்துக் கட்டங்கள் வரைந்து, இடப்புறமிருந்து எண்களை எழுதுங்கள். தாயக்கட்டைக்குப் பதிலாக வெறும் நெருப்புப் பெட்டி போதும். அகன்ற ஒரு பக்கத்தில் 1, மறுபக்கத்தில் 2 எழுதி எறியலாம். காய்க்கு நூல் தீர்ந்த கட்டைகள் உதவும். நான்கில் நிற்கும் காய்க்கு இரண்டு விழுந்தால், "ஒன்று, இரண்டு" என எண்ணி நகர்த்தலாகாது. "ஐந்து, ஆறு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லியே நகர்த்த வேண்டும். பயனெல்லாம் இதிலேதான் இருக்கிறது. கூட ஆட அம்மாயி போதும். எழுத்தறியாவிடினும், கொழுந்து நிறுவையில் ஏமாறாதிருக்க வாழ்நாளெல்லாம் எண்ணியவர் அவர்.

தோல்வியைத் தாங்காத பிள்ளைக்காகத் தாத்தாமார் வேண்டுமென்றே தோற்பதுண்டு. பிள்ளைகள் அதனை விரைவிலே கண்டுகொள்ளும். இதற்கு வேறு வழியுண்டு. 1986இல் ஜெர்மனியில் வெளியான பழத்தோட்ட விளையாட்டு ஒன்றில் ஆடுவோர் அனைவரும் ஒரே கட்சி. காகம் வருமுன் பழங்களைப் பறித்துவிட வேண்டும். நாமும் பத்தாம் கட்டத்தைப் பட்டிப்பொல நிலையம் என்று வைத்து, எல்லோருமாக ஒரே இரயிலை நகர்த்தலாம். நெருப்புப் பெட்டி உரசும் பக்கத்தில் நின்றால் மூடுபனி ஒரு கட்டம் முன்னேறும். மூன்று கட்டம் முன்னேறினால் பாதை மறைந்துவிடும். வென்றாலும் தோற்றாலும் வீட்டார் எல்லோரும் ஒன்றாகவே.

பல்லாங்குழியை விட்டுவிட்டேனே என்று மூத்தோர் கேட்கக்கூடும். பதினான்கு குழிகளிலும் ஒவ்வொன்றாக முத்துப் போடுவது எண்ணப் பழகுவதற்கு அருமையான பயிற்சி. முத்துகளில்தான் எனக்கு அச்சம். நம் சிங்கள அயலவர் சித்திரைப் புத்தாண்டில் ஆடும் ஒலிந்த கெலியவுக்குப் பெயர் தந்தது குன்றிமணி. செம்மேனியில் கருங்கண் கொண்ட அவ்வித்து நஞ்சுடையது. கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. சிறு பிள்ளை உள்ள வீட்டில் அது இருக்கவே கூடாது. புளியங்கொட்டைக்கும் மஞ்சாடிக்கும் அந்நச்சு இல்லையாயினும் அவை தொண்டையில் அடைக்கக்கூடும். மூன்று வயதுக்குட்பட்டோர் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க அமெரிக்காவில் ஒன்றேகால் அங்குல விட்டமுள்ள குழாயைப் பயன்படுத்துகின்றனர். அதற்குள் அடங்கும் துண்டு எதுவும் கூடாது. வீட்டில் தவழும் தம்பியோ தங்கையோ இருப்பின் நான்கு வயதுப் பிள்ளையின் பலகைக்கும் இவ்விதியே பொருந்தும்.

பிள்ளை மடுவங்களிற் பணிபுரிவோரிடமும் ஒன்று கேட்பேன். சீமெந்துத் தரையில் பத்துக் கட்டங்களை வர்ணத்தால் எழுதிவிடுங்கள். காய்கூட வேண்டாம், பிள்ளைகளே எண்ணைச் சொல்லிக் கட்டத்துக்குக் கட்டம் நடக்கட்டும். பத்து நிமிடம் போதும். "இன்னுமொரு தடவை" என்று அவர்கள் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள், நாளையும் மழைதான்.