ஃபோன் நம்பர் ஒரு நம்பரே இல்ல

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். நானே பண்ணின ஒரு சொதப்பலைத்தான் சொல்லப் போறேன். நடுவுல கொஞ்சம் கமாண்ட் லைன் வரும். பஸ்ல போய்க்கிட்டே கேட்டாலும் புரியும், பயப்படாதீங்க.

நான் ஒரு ரத்த தான வாலண்டியர் குரூப்ல இருக்கேன். ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தம் வேணும்னு கூப்பிட்டா, லிஸ்ட்டைப் பார்த்து டோனர்களுக்கு ஃபோன் அடிக்கிறதுதான் எங்க வேலை. அந்த லிஸ்ட் பூரா எக்செல்ல இருந்துச்சு. ஏரியாவுக்கு ஒரு ஷீட், கேம்ப்புக்கு ஒரு ஃபைல். ஒரு ஃபைலோட பேர்ல மட்டும் "ஃபைனல்" மூணு தடவை வரும். நான்தான் ஐடி ஆளாச்சே, "எல்லாத்தையும் ஒரு டேட்டாபேஸ்ல ஏத்திடலாம்"னு வாயைக் கொடுத்துட்டேன்.

எடுத்தது எஸ்க்யூலைட். இலவசம். சர்வர் கிடையாது, மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். உங்க ஆண்ட்ராய்டு ஃபோன்ல வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் இதுலதான் உட்கார்ந்திருக்கு. எக்செல் ஃபைலை சிஎஸ்வியா சேவ் பண்ணி, டெர்மினல்ல எஸ்க்யூலைட்டைத் திறந்து, முதல் வரி 'டாட் மோட் சிஎஸ்வி'. ரெண்டாவது வரி 'டாட் இம்போர்ட்', ஃபைல் பேர், டேபிள் பேர். அவ்வளவுதான். 4,000 பேர் கண் இமைக்கிறதுக்குள்ள உள்ள போயிட்டாங்க. ஒரு எரர் கூட வரல.

டேபிளை நான் முன்னாடியே உருவாக்கி வெச்சிருந்ததால, தலைப்பு வரியும் ஒரு டோனரா உள்ள வந்துடுச்சு. அவர் பேர் "பெயர்", அவரோட ரத்த வகை "ரத்த வகை". குரூப்ல நல்லா ஓட்டினாங்க. இம்போர்ட்ல 'ஸ்கிப் 1' கொடுத்தா அந்த வரியைத் தாண்டிடும். அதைச் சரி பண்ணினதோட வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ராத்திரி, ஓ நெகட்டிவ் அவசரமா வேணும்னு கேட்டாங்க. லிஸ்ட்டை எடுத்தேன். முதல் ஆள், நம்பர் உபயோகத்தில் இல்லை. ரெண்டாவது ஆளும் அதே. மூணாவது நம்பரை அடிக்கும்போதுதான் கவனிச்சேன், அது முதல் ஆளோட நம்பரேதான்! கீழே பார்த்தா இன்னும் நிறைய நம்பர்ல கடைசி ஆறு இலக்கமும் பூஜ்யம். அன்னைக்கு வேற குரூப் மூலமா ரத்தம் கிடைச்சுது. ஆனா அதுக்கு ரெண்டரை மணி நேரம் ஆச்சு. அந்தப் பொண்ணோட அப்பா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "யாராவது கிடைச்சாங்களா தம்பி?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்.

என்ன நடந்துச்சுன்னா, சில பேர் நம்பருக்கு முன்னாடி 91 போட்டிருந்தாங்க. மொத்தம் 12 இலக்கம். எக்செல் அதைப் பெரிய எண்ணா எடுத்துக்கிட்டு, 9.1984இ+11 மாதிரி சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியா சேவ் பண்ணினா திரையில தெரியறதைத்தான் எழுதும். மிச்ச இலக்கம் அங்கேயே போச்சு.

இதுல என் பங்கு என்னன்னா, ஃபோன் நம்பர் காலத்தை இன்டிஜர்னு வெச்சிருந்தேன். நம்பர்னா இன்டிஜர்தானே! எஸ்க்யூலைட்டும் அந்த 'இ+11'ஐ ஒழுங்கா கணக்குப் போட்டு, 91-ல தொடங்குற 12 இலக்க எண்ணாவே மாத்தி வெச்சுடுச்சு. பார்க்க அசல் ஃபோன் நம்பர் மாதிரியே இருந்துச்சு. இதுல கொடுமை, நான் அந்தக் காலத்தை டெக்ஸ்ட்னு வெச்சிருந்தாலே போதும். 'இ+11' அப்படியே பல்லிளிச்சிருக்கும். முதல் நாளே மாட்டியிருக்கும்.

நான் மட்டும் இல்ல, பெரிய இடத்துலயும் இது நடந்திருக்கு. 2020-ல இங்கிலாந்தோட பொது சுகாதாரத் துறை, லேப்ல இருந்து வந்த சிஎஸ்வியைப் பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல்ல ஏத்திச்சு. அதுல 65,536 வரிதான் பிடிக்கும். மீதி சத்தமில்லாம விழுந்துடுச்சு. 15,841 கொரோனா கேஸ் கணக்குல வராம, அவங்களோட தொடர்புல இருந்தவங்களைத் தேடுறதும் தாமதமாச்சு.

இப்போ நான் எப்படிப் பண்றேன்? கூகுள் ஷீட்ல இருந்து நேரா சிஎஸ்வி டவுன்லோடு. நடுவுல எக்செல்ல திறக்கவே மாட்டேன், சும்மா எட்டிப் பார்க்கக் கூட. முதல்ல எல்லாக் காலமும் டெக்ஸ்ட்டா இருக்கிற ஒரு தற்காலிக டேபிள்ல ஏத்துவேன். எத்தனை வரின்னு எண்ணி, ஷீட்டோட ஒப்பிடுவேன். ஒரே நம்பர் ரெண்டு பேருக்கு இருக்கான்னு 'குரூப் பை' போட்டுப் பார்ப்பேன். 'இ+' எங்கயாவது இருக்கான்னு தேடுவேன். அதுக்கப்புறம்தான் அசல் டேபிளுக்கு. அங்கேயும் ஃபோன் நம்பர் டெக்ஸ்ட்தான். பின்கோடு, அக்கவுண்ட் நம்பர் எல்லாமே அப்படித்தான். கூட்டிக் கழிக்கப் போறதில்லைன்னா அதை எண்ணா வெச்சு என்ன பண்ணப் போறோம்?

பெரும்பாலான நம்பரை கூகுள் ஃபார்ம்ல இருந்து திரும்ப எடுத்துட்டோம். ரெண்டு கேம்ப்புக்கு மட்டும் அந்த சிஎஸ்வியைத் தவிர வேற எதுவும் மிஞ்சல. 61 பேர். பேர் இருக்கு, ரத்த வகை இருக்கு, நம்பர் இல்ல. அதுல மூணு பேர் ஓ நெகட்டிவ். போன ஞாயித்துக்கிழமை கேம்ப்ல ஒருத்தர், "நான் ஏற்கெனவே பதிவு பண்ணியிருக்கேனே"ன்னார். பேரைத் தேடினேன். அந்த 61-ல ஒருத்தர். இன்னும் 60 பேர் பாக்கி.