பீடத்துகிலில் ஓடும் ஊசி

பீடத்தின் மேல் விரிக்கும் வெள்ளைத் துணி, குருவானவரின் கழுத்திலிருந்து தொங்கும் ஸ்டோல், பைபிள் உறை, ஜெபமாலை வைக்கும் சிறு பை என்று நம் கோவில்களிலும் வீடுகளிலும் புழங்கும் துணிகளில் இன்று கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி நிறைந்திருக்கிறது. சிலுவை, புறா, கோதுமைக் கதிர், திராட்சைக் கொடி என்று ஏதாவது ஒன்று இருக்கும். இவற்றில் பலவற்றைத் தைப்பவர்கள் வீட்டில் ஓர் இயந்திரம் வைத்துக்கொண்டு ஆர்டர் எடுக்கும் பெண்கள். அவர்கள் வேலையில் எது நன்றாக அமைகிறது, எது அமைவதில்லை, ஏன் என்பதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

தென்தமிழ்நாட்டில் இதற்கு ஆழமான வேர் உண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வேலையில் கிடைத்த கூலியைச் சேர்த்து, அடிமை நிலையில் இருந்த சில பெண்கள் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. கோவில் துணியில் ஓடும் ஊசியைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி டிசைனுக்கு வருவோம். டிசைன் கடைகளில் அதிகம் விற்பவை திருமுகங்கள்: இயேசுவின் முகம், மாதாவின் முகம், கடைசி இராவுணவு. திரையில் பார்க்கும்போது அவை நம்மை இழுத்துக்கொள்ளும். துணியில் வந்தபின் பெரும்பாலும் ஏமாற்றம்தான். இயந்திரம் ஒரு பரப்பை நிரப்பும்போது வரிக்கு வரி ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறது. உள்ளங்கை அளவு படத்தில் ஒரு கண்ணின் அகலம் நாலு மில்லிமீட்டர் என்றால், அந்தக் கண்ணை வரையப் பத்து வரி நூல்தான் கிடைக்கும். துணி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் பார்வை கோணலாகும்; உதடு ஒரு வரி இறங்கினாலும் சாந்தமான முகம் கடுமையாகிவிடும். வணக்கத்துக்குரிய முகத்தை அப்படிப் பார்க்க யாருக்கும் மனம் வராது. சின்னங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரு மீன், ஒரு ஆட்டுக்குட்டி, இயேசுவின் பெயரைக் கிரேக்க எழுத்துகளில் சுருக்கிய ஐ.எச்.எஸ்., அகரமும் னகரமுமாக நாம் பொருள்கொள்ளும் ஆல்பா ஒமேகா, இவை நூலுக்கென்றே பிறந்த வடிவங்கள். பல நூற்றாண்டுகளாகக் கையால் தைத்துத் தைத்து எளிமையானவை. என் தீர்ப்பு இதுதான்: முகத்தை ஓவியருக்கு விட்டுவிடுங்கள், தையலுக்குச் சின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிசைன் அழகாக இருந்தால் மட்டும் போதாது. அது தைக்கப்படும் துணி என்ன வேலைக்கு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கத்தோலிக்கத் திருப்பலியில் அப்பமும் கிண்ணமும் வைப்பதற்கென்று பீடத்தின் மேல் ஒரு சிறிய சதுர வெள்ளைத் துணி விரிப்பார்கள். அதன் நடுவில் பெரிய சிலுவையைப் புடைப்பாகத் தைத்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். கிண்ணம் ஆடாமல் நிற்க வேண்டிய இடம் அது. அப்பத்தின் துகள் விழுந்தால் தையலுக்குள் மாட்டாமல் திரட்டி எடுக்க வேண்டிய இடமும் அதுதான். அதனால்தான் மரபில் அந்தச் சிலுவை சின்னதாக, முன்விளிம்பை ஒட்டி இருக்கிறது. பழைய கன்னியர் மடத் தையல்காரிகளுக்கு இது யாரும் சொல்லாமலே தெரியும். ஸ்டோலுக்கு நிறமும் காலமும் பொருந்த வேண்டும்: தவக்காலத்துக்கும் திருவருகைக் காலத்துக்கும் ஊதா, பாஸ்காவுக்கும் கிறிஸ்து பிறப்புக்கும் வெள்ளை, தூய ஆவி பெருவிழாவுக்குச் சிவப்பு, பொதுக்காலத்துக்குப் பச்சை. ஊதா ஸ்டோலில் உயிர்ப்பின் வெற்றிக்கொடி ஏந்திய ஆட்டுக்குட்டியைத் தைத்தால் தையல் எவ்வளவு நேர்த்தியானாலும் அது தவக்காலத்துக்குப் பொருந்தாது. கோதுமையும் திராட்சையும் எந்தக் காலத்துக்கும் ஒத்துவரும்.

துணியின் சுபாவத்தை அறியாமல் தைப்பதில்தான் அதிக நஷ்டம். மெல்லிய பருத்தியில் நெருக்கமான டிசைனை ஏற்றினால் சுற்றிலும் சுருக்கம் விழும். அடியில் எம்ப்ராய்டரி பேப்பர் வைத்து, ரிங்கில் துணியை இழுக்காமல் ஆனால் தொய்வில்லாமல் மாட்டி, 11-ஆம் நம்பர் ஊசியில் தைப்பதே நல்லது. வெல்வெட்டிலும் டவலிலும் தையல் மயிரிழைக்குள் புதைந்துபோகும். மேலே தண்ணீரில் கரையும் பிலிம் ஒன்றை விரித்துத் தைக்க வேண்டும். ரெக்ஸினில் செய்யும் பைபிள் உறைக்குத் தனிக் கவனம் வேண்டும். அதில் ஊசி போட்ட துளை மூடாது. நெருக்கித் தைத்தால் தபால்தலையின் ஓரம் போலத் துளைகள் வரிசைகட்டி, சிலுவை அப்படியே கிழிந்து வந்துவிடும். அங்கே ஒற்றைக் கோட்டுத் தையல் போதும். ஜரிகை நூல் என்றால் வேகத்தைக் குறைத்து, காது பெரிதான ஊசிக்கு மாறுங்கள்.

பெரிய சிலுவை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு அடி உயரச் சிலுவையை முழுக்க நூலாலேயே நிரப்பினால் அந்த இடம் அட்டை போல விறைத்துவிடும், மடிப்பே விழாது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் தேர்களுக்கும் கோயில்களுக்கும் தொம்பை என்னும் துணித் தொங்கல் செய்கிறவர்களைப் பாருங்கள். வண்ணத் துணியை வடிவமாக வெட்டி ஒட்டுத்தையல் போடுகிறார்கள். எவ்வளவு பெரிய உருவமானாலும் துணி துணியாகவே தொங்குகிறது. அதே முறையை இயந்திரமும் செய்யும். முதலில் இடம் காட்டும் கோடு, பிறகு மேல்துணியைப் பிடித்து நிறுத்தும் தையல், வெட்டியபின் ஓரம் மூடும் சாட்டின் தையல். பீடத்தின் முன் தொங்கும் துணிக்கு இதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியவில்லை.

தமிழ் வசனம் தைப்பது இன்னும் கடினம். விற்பனைக்கு வரும் வசன டிசைன்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழுக்கு நாம்தான் டிசைன் போட்டுக்கொள்ள வேண்டும். ஞகரத்தின் சுழியும் ணகரத்தின் சுழியும் எழுத்துச் சிறுத்தால் அடைத்துக்கொள்ளும். புள்ளி காணாமல் போகும். கர்த்தர் என்ற ஒரு சொல்லிலேயே மூன்று புள்ளிகள் இருக்கின்றன. எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நான் அந்த வேலையை ஏற்கவேண்டாம் என்பேன். சில மென்பொருள்களில் தமிழை ஏற்றினால் கொம்பு தன் இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஊசியை ஓட விடுமுன் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். முழு வசனம் நீளம் என்றால் "சங்கீதம் 23" என்று மட்டும் தைத்தாலும் விசுவாசிக்கு மீதி மனதில் ஓடும்.

விலைக்கு வாங்கிய டிசைனை இஷ்டம்போல் பெரிதாக்கக் கூடாது. பத்து சதவீதம் வரை தாங்கும். அதற்குமேல் தையல் நெருக்கம் கெட்டுவிடும். டிசைனோடு வரும் நிபந்தனையையும் படியுங்கள். சிலவற்றைச் சொந்த உபயோகத்துக்குத்தான் தைக்கலாம், தைத்த பொருளை விற்கக் கூடாது. ஒருவர் காசு கொடுத்து வாங்கியதை பென்டிரைவில் ஊருக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுப்பது திருட்டு. ஆண்டவர் பெயரைத் தாங்கும் துணிக்கு அது ஆகாது.

இப்போது வாங்குகிறவர்களுக்கு. துணியைத் திருப்பி, பின்பக்கத்தைப் பாருங்கள். நூல் முடிச்சும் தொங்கலும் இல்லாமல் சுத்தமாக இருந்தால் அது அக்கறையான கை. ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று அவர்கள் கூலி சொல்வார்கள். அதில் இயந்திரம் ஓடும் நேரம்தான் அடங்கும், ரிங் மாட்டுவதும் நூல் மாற்றுவதும் பேப்பர் கிழிப்பதும் பெரும்பாலும் கணக்கில் வராது. தயவுசெய்து அதிலும் பேரம் பேசாதீர்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29-இல் கொடியேறும். அந்தத் திருவிழாவுக்கு மாதாவுக்குச் சேலையோ கோவிலுக்குத் துணியோ நேர்ந்துகொண்டவர்கள் ஜூலையிலேயே துணியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் கொடுத்து அவசரப்படுத்தினால் எவ்வளவு நல்ல கையிலும் வேலை கெடும்.