கழுதை கத்தும் முன்



இன்று உங்களை ஒரு விருந்துக்கு அழைத்துச் செல்கிறேன். விருந்தினர் யாவரும் உரோமத் தெய்வங்கள். வெனிஸ் நகரத்து முதுபெரும் ஓவியர் ஜொவான்னி பெல்லினி, பெராரா நாட்டுக் கோமகன் அல்போன்சோவுக்காக 1514இல் தீட்டி முடித்த 'தெய்வங்களின் விருந்து' என்னும் ஓவியம் அது. இரண்டு ஆண்டுகளில் பெல்லினி காலமானார். பின்னர் 1529இல் தித்தியன் பின்புறத்து மரவரிசையை மறைத்து மலையொன்றை எழுப்பினார். எக்ஸ் கதிர்ப் படங்களில் பழைய மரங்கள் இன்றும் தெரிகின்றன. ஓவியம் இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது.

தேவர்க்கரசன் யூப்பித்தர் கிண்ணத்தை வாயில் வைத்துக் குடிக்கிறார். மதுக்கடவுள் பாக்கசு சிறு பிள்ளையாய்ப் பீப்பாயடியில் குந்தியிருக்கிறான். பரிமாறுகிறவர்கள் நீரணங்குகள், அவர்கள் கையில் நீலமும் வெள்ளையுமான சீனப் பீங்கான்கள். தெய்வங்களுக்கு உரிய பொலிவு எங்கே? நம் கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசி வரிசை எழும்பும் நேரத்துக் களைப்பே இவர்கள் முகத்தில் இருக்கிறது.

வலது ஓரத்தைப் பாருங்கள். லோத்திசு என்னும் நீரணங்கு உறங்குகிறாள். பிரியாப்பசு குனிந்து அவள் ஆடையை மெல்ல உயர்த்துகிறான். இவன் யார்? தோட்டங்களுக்குக் காவல் தெய்வமாம்! தோட்டத்தில் பிறந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

கதை உரோமக் கவி ஓவிட் சொன்னது. அந்நேரம் இடது புறத்துக் கழுதை கத்திவிடும். பெண் விழித்துத் தப்புவாள், தெய்வங்கள் சிரிக்கும், காட்டிக்கொடுத்த கழுதையோ பலியாகும். எட்கர் விண்ட் என்ற அறிஞர் 1948இல் எழுதிய நூலில் இதை ஒரு திருமணக் களிப்புடன் தொடர்புபடுத்தினார். ஆடையில் கைவைக்கப்பட்ட பெண்ணை மணவிழா வேடிக்கையாகக் காண எனக்கு மனம் வரவில்லை. ஓவிட் கதையில் இது இரவு, எல்லோரும் உறக்கம். பெல்லினியோ பகலாக்கிவிட்டார். பலர் விழித்தேயிருக்கிறார்கள். ஒருவரும் தடுக்க எழவில்லை. அதுதான் இந்த ஓவியத்தின் கசப்பு.

நம் புராணத்திலும் ஒரு பந்தி உண்டு. மோகினி அமுதம் பங்கிட்டபோது தேவர் வரிசையில் ஓர் அசுரன் புகுந்தான். சூரியனும் சந்திரனும் சொல்லிக்கொடுத்தார்கள். சக்கரத்தால் தலை போயிற்று என்கிறது பாகவதம். பரிமாறிய கரண்டியாலேயே போட்டாள் என்பது நம் பாட்டிமார் கதை. தலை இராகுவாகி, சொன்ன இருவரையும் இன்றுவரை விழுங்க வருகிறது. கிரகணம் அந்தப் பகைதான் என்பார்கள். ஆக, இங்கும் அங்கும் வாய் திறந்தவருக்கே தண்டனை. ஆனால் நம் கதையில் குற்றம் செய்தவன் தலையும் போயிற்று. அங்கே பிரியாப்பசுக்குக் கிடைத்தது சிரிப்பு மட்டும். லோத்திசு அவனுக்குத் தப்பியோடி மரமாகிப் போனாள் என்று ஓவிட்டே வேறொரு நூலில் சொல்கிறார்.

பெல்லினி நிறுத்திய கணம் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. தம் பெயரெழுதிய தாளை, அவள் கிடக்கும் அந்த வலது மூலையிலேயே, ஒரு மரத்தொட்டியில் ஒட்டியதுபோல வரைந்திருக்கிறார். எதிர்ப் புறத்தில் கழுதை இன்னும் பேசாமல் நிற்கிறது.