நான்கு ரிப்போர்ட்டுகளும் நானும்

(நாக்பூரில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மைக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. என் குரலே இப்படித்தான். 2019-ல் கழுத்தில் நடந்த இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு இடது பக்கத்துக் குரல் நரம்பு சரியாக வேலை செய்யவில்லை. சந்தியாவந்தனத்துக்கு இது தடையில்லை. பேரனை அதட்டத்தான் முடிவதில்லை. அவனுக்கு அதில் பரம சந்தோஷம்.

உடல்நலம் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது தயங்கினேன். நான் டாக்டர் இல்லை. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்து, இந்திய வானிலைத் துறையில் 36 வருஷம் வேலை பார்த்து 2010-ல் ஓய்வு பெற்றவன். ஆனால் தைராய்டு புற்றுநோயுடன் பல வருஷங்களாகக் குடித்தனம் நடத்துகிறேன். அதில் பட்டதும் கற்றதும் ஒருவருக்காவது உதவும் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

2012-ல் ஒரு நாள் ஷேவ் செய்துகொள்ளும்போது கழுத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஊசி போட்டுப் பரிசோதித்ததில் பப்பிலரி வகைத் தைராய்டு புற்றுநோய் என்று தெரிந்தது. "புற்றுநோய்களிலேயே இது சாது" என்றார் டாக்டர். விதர்ப்பா எக்ஸ்பிரஸ் ஏறி மும்பை போனோம். மாதுங்காவில் அத்தை பையன் வீட்டில் தங்கி ஆபரேஷன் செய்துகொண்டேன். தைராய்டு சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டார்கள்.

பிறகு கதிரியக்க அயோடின். இதன் தத்துவம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உடம்பில் அயோடினை ஆசையாக இழுத்துச் சேர்த்துக்கொள்வது தைராய்டு செல்கள்தான். இந்தப் புற்றுநோய் செல்களுக்கும் பெரும்பாலும் அந்தக் குணம் மிச்சம் இருக்கும். அயோடின்-131 கொடுத்தால் அவை அதை விழுங்கும். அதன் பீட்டா கதிர் அந்தச் செல்லை அழிக்கும், காமா கதிர் வெளியே வந்து காமிராவில் படமாக விழும். அரை ஆயுள் 8 நாள்.

அதற்கு முன் தைராய்டு மாத்திரையைச் சில வாரங்கள் நிறுத்த வேண்டும். டி.எஸ்.எச். 30-க்கு மேல் ஏறினால்தான் செல்களுக்கு அயோடின் பசி வரும். எனக்கோ சோர்வும் குளிரும் வந்தன. நாக்பூர் மே மாத வெயிலில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாரம் அயோடின் குறைந்த உணவு. அயோடின் கலந்த உப்பு கூடாது, பால் கூடாது, தயிர் கூடாது. தயிர் சாதமும் டிகிரி காபியும் இல்லாத இரண்டு வாரம் எப்படி இருக்கும் என்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மருந்து விழுங்கிய பின் தனியறை. யாரும் தொடக் கூடாது, துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், தட்டைத் தனியாக வைக்க வேண்டும். பாட்டி காலத்து மடி திரும்பி வந்துவிட்டது என்று என் மனைவி சிரித்தாள்.

ஏழு வருஷம் நிம்மதி. 2019-ல் இடது கழுத்து நெறிகளில் மறுபடி வந்தது. இரண்டாவது ஆபரேஷன். அப்போது போனதுதான் இந்தக் குரல்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். தைரோகுளோபுலின் என்று ஒரு புரதம் உண்டு. அதைத் தைராய்டு செல் மட்டுமே தயாரிக்கும். சுரப்பியே இல்லாத என் போன்றவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறக்குறைய இல்லாமலே இருக்க வேண்டும். எனக்கு 2021-ல் 0.8, 2022-ல் 2.1, 2023 ஜனவரியில் 5.6. எங்கேயோ தைராய்டு செல் இருக்கிறது. எங்கே?

அல்ட்ராசவுண்ட் எடுத்தோம். கழுத்து சுத்தம் என்றது. அயோடின் ஸ்கேன் எடுத்தோம். உடம்பு முழுவதும் சுத்தம் என்றது. ஜூனில் பெட் ஸ்கேன் எடுத்தோம். மார்பு நடுவில் உள்ள நெறிகள் பளிச்சென்று ஒளிர்கின்றன, புற்றுநோய் பரவியிருக்கலாம். கழுத்திலும் இடது பக்கம் ஒரு சிறு புள்ளி என்றது. ரத்தம் ஒன்று சொல்கிறது, மற்ற மூன்றும் மூன்று விதமாகச் சொல்கின்றன.

டாக்டர்களும் அப்படியே. ஒருவர், அடுத்த வாரமே பெரிய அளவில் அயோடின் கொடுத்துவிடலாம் என்றார். இன்னொருவர், அயோடினால் இனிப் பயனில்லை, புதிய வகை மாத்திரைகளை ஆரம்பிக்க வேண்டும் என்றார். அந்த மாத்திரைகளால் ரத்த அழுத்தம் ஏறும், எடை குறையும் என்று படித்தேன். புனேயில் இருக்கும் பையன் மாத்திரைக் கட்சி. சென்னையில் இருக்கும் பெண் அயோடின் கட்சி. உறவினர் ஒருவர் வைத்தீஸ்வரன் கோவிலுக்குப் போகச் சொன்னார். அது ஒன்றில்தான் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை; போய் வந்தோம்.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். பெட் ஸ்கேன் ரிப்போர்ட்டை நான் என் மனைவியிடம் காட்டவில்லை. "ஒன்றும் பெரிதாக இல்லை" என்று சொல்லி, அதைப் பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவில் செருகி வைத்தேன். என் அம்மா ச்ராத்தத்துக்குத் திதி பார்க்க அவள் பஞ்சாங்கத்தை எடுத்தபோது ரிப்போர்ட் கீழே விழுந்தது.

"ஏன்னா, எத்தனை நாளா இதை மறைச்சு வெச்சிண்டிருக்கேள்?"

"மூணு வாரமா."

"மூணு வாரமா நீங்க ராத்திரி தூங்கலைங்கறது எனக்குத் தெரியும். எதுக்குன்னுதான் தெரியலை. காரணம் தெரியாம நான் பயந்தேனே, அது இந்தக் காகிதத்தை விடப் பெரிசு."

எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து ஃபைல் அவள் பொறுப்பு. தேதி, டெஸ்ட், எங்கே எடுத்தது, என்ன எண், அப்போது டி.எஸ்.எச். எவ்வளவு என்று ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மும்பையில் வேறொரு மூத்த டாக்டரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது: "அயோடின் ஸ்கேனுக்கு முன்னால் சாயம் செலுத்தி சி.டி. ஸ்கேன் எதுவும் எடுத்தீர்களா?" நோட்டில் இருந்தது. வயிற்று வலிக்காக 19 நாள் முன்பு எடுத்தது. அந்தச் சாயத்தில் ஏராளமான அயோடின் உண்டு. ஏற்கெனவே வயிறு நிறைந்தவனுக்கு இலை போட்டால் சாப்பிடுவானா? செல்கள் கதிரியக்க அயோடினை ஏறெடுத்தும் பார்த்திருக்காது. அந்த 'சுத்தம்' நம்பத் தகுந்த சுத்தம் இல்லை. ஸ்கேன் எடுத்த இடத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சி.டி. எடுத்து மாதங்கள் பல ஆகிவிட்டதால், மறுபடி மாத்திரையை நிறுத்தி, காபியை விட்டு, முறையாக ஸ்கேன் எடுத்தோம். இந்தத் தடவையும் சுத்தம். ஆனால் அதே சமயம் எடுத்த ரத்தத்தில் தைரோகுளோபுலின் 24.

அப்போது அவர் விளக்கியது என் பழைய உத்தியோகத்தை நினைவுபடுத்தியது. வானிலை நிலையத்தில் வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் இரண்டு வெப்பமானிகள். ஒன்று உலர்ந்தது, மற்றதன் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டும் பெரும்பாலும் வேறு வேறு அளவு காட்டும். எது பொய் என்று நாங்கள் சண்டை போட்டதில்லை. அந்த வித்தியாசத்திலிருந்துதான் காற்றின் ஈரப்பதத்தைக் கணக்கிடுவோம். இங்கும் அப்படித்தான். அயோடின் ஸ்கேன், செல் அயோடினை இழுக்கிறதா என்று பார்க்கிறது. பெட் ஸ்கேன், செல் சர்க்கரையை வேகமாகச் செலவழிக்கிறதா என்று பார்க்கிறது. நாளாக ஆகச் சில தைராய்டு புற்றுநோய் செல்கள் தம் பழைய குணத்தை இழந்து அயோடினை மறந்துவிடும், சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று இருட்டு, மற்றது வெளிச்சம் என்றால் இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

ஆனால் பெட் ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் புற்றுநோயும் அல்ல. அழற்சி, காசநோய், எப்போதோ வந்த நோயின் மிச்சம் எதுவும் ஒளிரும். நம் தேசத்தில் இது சகஜம். எனவே "படத்தை நம்பி வைத்தியம் வேண்டாம், துணுக்கு எடுத்துப் பார்ப்போம்" என்றார். மூச்சுக்குழாய் வழியாக மார்பு நெறியில் ஊசி போட்டார்கள். புற்றுநோய் செல் இல்லை; கிரானுலோமா எனப்படும் அழற்சிதான். காசநோய்க் கிருமியும் இல்லை.

பிறகு பெட் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அனுபவசாலியான ஒருவர் கழுத்தை மறுபடி அல்ட்ராசவுண்டில் தேடினார். பழைய தழும்புக்கு அடியில் 8 மில்லிமீட்டர் நெறி ஒன்று ஒளிந்திருந்தது. அதில் ஊசி போட்டதில் போதிய செல் கிடைக்கவில்லை. ஆனால் ஊசியைக் கழுவிய நீரில் தைரோகுளோபுலின் ஏராளமாக இருந்தது. நெறியில் அது இருக்க வேறு காரணம் கிடையாது. திருடன் அங்கேதான் இருந்தான்.

மூன்றாவது ஆபரேஷனா? அங்கேதான் என் மனைவி கேட்டாள்: "இப்போ உடனே பண்ணாம காத்திருந்தா என்ன போயிடும் டாக்டர்?" அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். தழும்பான கழுத்தைத் திரும்பத் திறந்தால் மீதமுள்ள ஒரு குரல் நரம்பும், கால்சியத்தைக் கவனிக்கும் சிறு சுரப்பிகளும் ஆபத்துக்கு உள்ளாகும். நெறி சிறியது, வளர்ச்சி மெதுவானது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்போம். வளர்ந்தாலோ, முக்கியமான இடத்தை நெருங்கினாலோ எடுப்போம். அப்படியே முடிவாயிற்று. இதுவரை 8 மில்லிமீட்டர் 9 ஆகியிருக்கிறது. நோய் போகவில்லை, என்னுடன்தான் இருக்கிறது.

என் அனுபவத்தில் கண்ட சில நடைமுறை விஷயங்கள்:

1. எல்லா ரிப்போர்ட்டும் ஒரே ஃபைலில், தேதி வரிசையில் இருக்கட்டும். ஸ்கேன் எடுப்பவரிடம் பழைய படங்களையும் கொடுங்கள்.

2. தைரோகுளோபுலினை எப்போதும் ஒரே லேபில், ஒரே முறையில் பாருங்கள். கூடவே டி.எஸ்.எச்., தைரோகுளோபுலின் எதிர்ப்புப் பொருள் இரண்டையும் பாருங்கள். எதிர்ப்புப் பொருள் இருந்தால் எண் பொய்யாகக் குறைந்து காட்டலாம். ஒரு எண்ணை விட எண்கள் போகும் போக்கே முக்கியம்.

3. தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரை இந்த ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும். டாக்டரிடம் சொல்லி, குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்.

4. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன். காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்பு மாத்திரைக்கு நான்கு மணி இடைவெளி.

5. டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ரிப்போர்ட் சரி என்றால் என்ன செய்வீர்கள்? தப்பு என்றால் அந்த வைத்தியத்தால் என்ன கெடுதல்? காத்திருந்தால் என்ன நஷ்டம்?

6. வீட்டில் மறைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இது பப்பிலரி வகை வந்த ஒருவனின் கதை. மெடுல்லரி வகை அயோடினை ஏற்காது. அனாபிளாஸ்டிக் வகை மிக வேகமானது. அங்கே காத்திருப்பது என்ற பேச்சே இல்லை. என்னைப் பார்த்து யாரும் வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

பயம் போய்விட்டதா என்று கேட்பார்கள். போகவில்லை. ஸ்கேனுக்கு ஒரு வாரம் முன்பே தூக்கம் குறைகிறது. ஒரே வித்தியாசம், இப்போது இரண்டு பேரும் விழித்திருக்கிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சுக்குக் காபி போட்டுக் குடித்துவிட்டுப் படுக்கிறோம். அடுத்த ஸ்கேன் தை மாதம். நோட்டில் தேதி எழுதியாகிவிட்டது.